சர்க்கஸ் பற்றி என்னிடம் ஓயாமல் கேட்கப்படும் கேள்விகள்

கோவை வ.உ.சி. மைதானத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த முதல் சர்க்கஸிலிருந்து இன்றுவரை, ஊருக்குள் கூடாரம் வந்தால் ஒரு காட்சியையாவது விடாத ஆள் நான். அதனால் கல்யாண வீட்டுப் பந்தியில், ஆபீஸ் டீக்கடையில், பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் என்று எங்கே சர்க்கஸ் பேச்சு வந்தாலும் எல்லாரும் என் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். கேட்பதும் அதே சந்தேகங்கள்தான். ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் வாய் மிச்சம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

சர்க்கஸெல்லாம் இன்னுமா நடக்குது?

நடக்கிறது. ஜம்போ, கிரேட் பாம்பே, ராம்போ என்று பழைய பெயர்கள் சில இன்னும் ஊர் ஊராகப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. உங்கள் கண்ணில் படாததற்குக் காரணம், கூடாரம் ஊர் நடுவிலிருந்து பைபாஸ் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது. முன்பு விளம்பரமே தேவைப்படாது. ராத்திரி அந்தத் தேடுவிளக்கின் வெள்ளை வெளிச்சம் வானத்தில் சுற்ற ஆரம்பித்தால் போதும், பக்கத்துக் கிராமங்களில் எல்லாம் பிள்ளைகள் வீட்டில் நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள். இப்போது சுவரொட்டியும் வாட்ஸ்அப்பும்தான், அதையும் பார்த்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

சிங்கம் இல்ல, யானை இல்ல, அப்புறம் போய் என்னத்தப் பாக்குறது?

மனுஷனைப் பார்க்கலாம்! பார் விளையாட்டு (அந்தரத்தில் ஊஞ்சலுக்கு ஊஞ்சல் பறப்பது), கம்பி மேல் நடப்பது, ஒற்றைச் சக்கர சைக்கிள், வாளும் கத்தியும் நெற்றியில் நிறுத்துவது, துணியைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் சுழல்வது, இரும்புக் கூண்டுக்குள் மோட்டார் சைக்கிள்கள். மணிப்பூர், அசாம், வங்காளம், நேபாளத்துக் கலைஞர்களோடு எத்தியோப்பியா, தான்சானியாவிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். ஒரு ஆப்பிரிக்கக் குழு ஒருவர் மேல் ஒருவராக ஏறி நிற்பதைப் பார்த்துவிட்டு, சிங்கத்தை நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. மரணக் கிணறு வேறு, சர்க்கஸ் கூண்டு வேறு. கிணறு பொருட்காட்சியில் இருப்பது, மரப் பலகையால் சுவர் கட்டி, நாம் மேலே நின்று குனிந்து பார்ப்போம். சர்க்கஸில் இருப்பது கம்பிவலை உருண்டை, உள்ளே வண்டி தலைகீழாகவும் போகும். இரண்டையும் குழப்பிக்கொண்டு "கிணறு இல்லையா?" என்று டிக்கெட் கவுண்டரில் சண்டை போட்டவர்கள் என் சொந்தத்திலேயே உண்டு.

இத வெள்ளைக்காரன்தான கொண்டுவந்தான்?

பாதி சரி. கழைக்கூத்தாடிகள் நம் தெருவில் காலம்காலமாகக் கம்பி மேல் நடந்தவர்கள்தான், ஆனால் வட்ட அரங்கம், கூடாரம், டிக்கெட் என்கிற அமைப்பு ஐரோப்பாவிலிருந்து வந்தது. கியாரினி என்ற இத்தாலியரின் சர்க்கஸ் 1879-இல் பம்பாய் வந்தது. அதைப் பார்த்தவர் விஷ்ணுபந்த் சத்ரே, குருந்த்வாட் சமஸ்தானத்தில் குதிரை பழக்கிக்கொண்டிருந்த மராட்டியர். இந்தியர்களால் இது முடியாது என்கிற பேச்சைப் பொறுக்காமல் அவரே குழு சேர்த்து, 1880 மார்ச்சில் பம்பாயில் கிரேட் இண்டியன் சர்க்கஸை அரங்கேற்றிவிட்டார். குதிரை பழக்குகிறவர் கையில் தொடங்கியதால் ஆரம்பத்திலிருந்தே நம் சர்க்கஸில் மிருகத்துக்குப் பெரிய இடம், இது பின்னால் வேறு கணக்காக வந்து நிற்கிறது.

சர்க்கஸ் முதலாளிங்க எல்லாம் ஏன் மலையாளிங்களாவே இருக்காங்க?

எல்லாரும் இல்லை, ஆனால் நிறையப் பேர் தலச்சேரிப் பக்கம்தான். சத்ரேயின் குழு 1880-களின் கடைசியில் தலச்சேரிக்கு வந்தபோது, அங்கே பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த, களரியும் தெரிந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்பவர் அதைப் பார்த்தார். சத்ரேவிடம் ஆட்டம் இருந்தது, இவரிடம் வளைகிற உடம்புள்ள பையன்கள் இருந்தார்கள். அப்படித் தொடங்கிய உறவு 1901-இல் ஒரு பயிற்சிப் பள்ளியானது. அவருடைய மாணவர் பரியாளி கண்ணன் 1904-இல் கிராண்ட் மலபார் சர்க்கஸை ஆரம்பித்தார். இன்னொரு மாணவர் கயிற்றில் குட்டிக்கரணம் அடித்து ஐரோப்பா, அமெரிக்கா வரை போய் 'கண்ணன் பம்பாயோ' என்று பெயர் வாங்கினார்.

நான் ஒரு முறை மங்களூர் ரயிலில் ஏறி தலச்சேரிக்கே போய்ச் சுற்றிவிட்டு வந்தேன். சர்க்கஸ், கேக், கிரிக்கெட் மூன்றும் எங்கள் ஊர் என்று அங்கே பெருமையாகச் சொல்கிறார்கள். கேக் கிடைத்தது. கிரிக்கெட் மைதானத்தைக் காட்டினார்கள். சர்க்கஸுக்கு ஒரு வயசானவரின் வீட்டுத் திண்ணைக்குக் கூட்டிப் போனார்கள், பார் பிடித்துப் பிடித்து அவருடைய உள்ளங்கை மரக்கட்டை மாதிரி இருந்தது.

ஜெமினி சர்க்கஸும் ஜெமினி ஸ்டூடியோவும் ஒரே ஆளுங்களோடதா?

இல்லை. வாசனின் ஸ்டூடியோ வேறு. ஜெமினி சர்க்கஸ் தலச்சேரிக்காரரான எம்.வி. சங்கரனுடையது. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தவர், அப்புறம் சர்க்கஸில் பார் ஆடியவர். நொடித்துப்போன ஒரு சின்ன சர்க்கஸைக் கூட்டாளியோடு வாங்கி, தன்னுடைய மிதுன ராசியின் ஆங்கிலப் பெயரையே வைத்து, 1951 ஆகஸ்ட் 15 அன்று குஜராத்தில் பில்லிமோரா என்ற ஊரில் முதல் காட்சி நடத்தினார். 1977-இல் ஜம்போவும் அந்தக் கைக்கு வந்தது. 2023 ஏப்ரலில், நூறை நெருங்கிய வயதில் காலமானார்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜெமினி ஸ்டூடியோவின் 'சந்திரலேகா' படத்தில் சர்க்கஸ் காட்சிகள் உண்டு, ஆனால் அந்தப் படம் வந்தது 1948-இல், அப்போது ஜெமினி சர்க்கஸே பிறக்கவில்லை. அதில் வருவது கமலா சர்க்கஸ். இதைச் சொல்லி நான் ஐம்பது ரூபாய் பந்தயம் ஜெயித்திருக்கிறேன்.

மிருகங்களைத் தடை பண்ணது எப்போ? யாரு?

ஒரே நாளில் நடந்ததில்லை. 1960-இல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் 22-ஆம் பிரிவு என்று ஒன்று. இன்ன இன்ன விலங்கை வித்தை காட்டப் பழக்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவிக்கலாம் என்கிறது. 1991-இல் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, நாய் என்று ஒரு பட்டியல் போட்டார்கள், சர்க்கஸ் முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1998-இல் வந்த பட்டியலில் நாயை எடுத்துவிட்டுச் சிங்கத்தைச் சேர்த்தார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2000-இல் அது செல்லும் என்றது, உச்ச நீதிமன்றம் 2001 மே 1 அன்று அதையே உறுதி செய்தது. யானை மட்டும் தப்பி நின்றது. அதையும் 2013-இல் மத்திய உயிர்க்காட்சிசாலை ஆணையம் வேண்டாம் என்று முடிவு செய்தது.

பலருக்குத் தெரியாத விஷயம்: அந்த 1960 சட்டத்துக்கு மூலம், கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா. விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான், வாரியம் ரொம்ப காலம் சென்னையிலேயே இருந்தது. அதாவது சர்க்கஸ் சிங்கத்தின் விடுதலைக்கான முதல் கையெழுத்து அடையாறில் விழுந்தது என்று சொல்லலாம்.

அந்தச் சிங்கமெல்லாம் எங்க போச்சு? காட்டுல விட்டுட்டாங்களா?

காட்டில் விட முடியாது, வேட்டையாடத் தெரியாதவை. வண்டலூர், பன்னேர்கட்டா, திருப்பதி, விசாகப்பட்டினம் போன்ற இடங்களில் மீட்பு மையங்கள் வைத்து அங்கே கொண்டுபோனார்கள். இனப்பெருக்கமும் செய்ய விடவில்லை, ஏனென்றால் சர்க்கஸ் சிங்கங்களில் ஆப்பிரிக்கச் சிங்கமும் கிர் சிங்கமும் கலந்த கலப்புகள்தான் அதிகம். சாப்பாடு போட்டு, வயசாகி, ஒவ்வொன்றாக முடிந்துபோகும் வரை பார்த்துக்கொண்டார்கள். நம்மில் பலர் பிள்ளைகளோடு வண்டலூருக்குப் போய்விட்டு வந்திருக்கிறோம், அந்தப் பக்கம் ஒரு பழைய சர்க்கஸ்காரர் படுத்திருந்தது நமக்குத் தெரியாது.

ஜல்லிக்கட்டுத் தடைக்கும் சர்க்கஸுக்கும் சம்பந்தம்னு ஒருத்தர் சொன்னாரே, புருடாதான?

புருடா இல்லை. மேலே சொன்ன அதே 22-ஆம் பிரிவுப் பட்டியலில் 2011-இல் காளையையும் சேர்த்தார்கள். அதை வைத்துத்தான் 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது, 2017 ஜனவரியில் மெரினா நிறைந்தது. தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தியது, அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023-இல் தீர்ப்பும் வந்தது. காளைக்காக லட்சம் பேர் கடற்கரையில் உட்கார்ந்தார்கள். சர்க்கஸ்காரனுக்கு ஊர் கிடையாது, ஓட்டு கிடையாது, அவனுக்காக உட்கார ஆளும் கிடையாது. சிங்கம் வேண்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டும் என்றா சொல்கிறேன்? இல்லை. அந்த ஆட்கள் அப்புறம் எப்படிப் பிழைப்பார்கள் என்றுகூட யாரும் கேட்கவில்லை என்கிறேன்.

மிருகம் போனதாலதான சர்க்கஸே படுத்துச்சு?

எல்லாரும் சொல்வது இதுதான், முதலாளிகள் உட்பட. எனக்கு முழுசாக ஒப்பவில்லை. சிங்கம் கூண்டை விட்டுப் போவதற்கு முன்பே, 90-களின் நடுவிலேயே, மதியக் காட்சியில் கேலரி காலியாகக் கிடந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வீடு கேபிள் வந்த காலம் அது. மிருகம் போனது அடிதான், ஆனால் ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருந்த காலில் விழுந்த அடி.

என் கணக்கில் பெரிய நஷ்டம் மைதானம். சர்க்கஸுக்கு ஏக்கர் கணக்கில் காலி நிலம் வேண்டும், அதுவும் பஸ் நிற்கிற இடத்தில், தண்ணீரும் கரண்டும் கிடைக்கிற இடத்தில். நகரங்களில் அப்படிப்பட்ட இடங்கள் ஒவ்வொன்றாகக் கட்டடமாகிவிட்டன. மதுரை தமுக்கம் மைதானத்தில் 2022-இல் மாநாட்டு மையம் திறந்தார்கள், பெரிய பளபள மண்டபம், அதற்குள் கூடாரம் போட முடியுமா? இடம் கிடைத்தாலும் மாநகராட்சி, போலீஸ், தீயணைப்பு, மின்வாரியம் என்று ஒவ்வொரு கேம்ப்புக்கும், அதாவது கூடாரம் போடுகிற ஒவ்வொரு ஊருக்கும், முதலிலிருந்து அனுமதி வாங்க வேண்டும், காட்சி நடக்காத நாளிலும் நூறு பேருக்கு உலை கொதித்தாக வேண்டும். நடுவில் இரண்டு நாள் அடைமழை பிடித்தால் அந்த கேம்ப்பின் லாபம் போச்சு.

அமெரிக்காவின் ரிங்லிங் கதையையும் சொல்வார்கள். 2016-இல் யானைகளை நிறுத்தினார்கள், 2017 மே மாதம் சர்க்கஸையே மூடினார்கள், பார்த்தீர்களா என்று. அதே ரிங்லிங் 2023-இல் ஒரு மிருகம்கூட இல்லாமல் திரும்பி வந்துவிட்டது, அதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

பிள்ளைங்களைப் பிடிச்சிட்டு வந்து வித்தை பழக்குவாங்கன்னு எங்க பாட்டி பயமுறுத்தும், நிஜமா?

பாட்டி பயமுறுத்தியது சோறு ஊட்டுவதற்காக. ஆனால் உள்ளே உண்மை இருந்தது. ஏழைக் குடும்பங்களிலிருந்து, குறிப்பாக நேபாளத்துப் பெண் குழந்தைகளை, பல வருஷ ஒப்பந்தம் என்று பெற்றோரிடம் கைநாட்டு வாங்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அடி, உதை, அதைவிட மோசமானதெல்லாம் வழக்குகளில் வெளியே வந்தது. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. நல்லது. இதில் எனக்கு இரண்டு மனசு கிடையாது.

ஆனால் அதன் விளைவையும் பார்க்க வேண்டும். உடம்பை வில்லாக வளைக்கிற ஆட்டத்துக்கெல்லாம் ஏழெட்டு வயதிலிருந்தே பழகுவார்கள். இப்போது பதினெட்டு வயதுக்கு மேல் வருகிறவருக்கு அந்த வளைவு வராது, அதனால்தான் அந்த அயிட்டங்கள் குறைந்தன. முறையான பள்ளி வைத்து, படிப்போடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். கேரள அரசு 2010-இல் தலச்சேரியில் சர்க்கஸ் அகாடமி தொடங்கியது, 2016-இல் மூடிவிட்டது. தலச்சேரிப் பையன்கள் வளைகுடாவுக்கும் காலேஜுக்கும் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார், என் பிள்ளையை நான் அனுப்புவேனா?

பார் விளையாட்டுல கீழதான் வலை இருக்கே, அப்புறம் என்ன பெரிய ஆபத்து?

வலை மெத்தை இல்லை. அதில் முதுகு பட விழத் தெரிய வேண்டும், காலை ஊன்றி விழுந்தால் கணுக்கால் போய்விடும், குப்புற விழுந்தால் முகம். ஊஞ்சல் வேகத்தில் ஆள் நேர் கீழே விழமாட்டார், முன்னாலோ பின்னாலோ தூக்கி எறியப்படுவார், அதனால்தான் வலையின் இரண்டு முனையும் மேலே ஏறி நிற்கும். புதிதாக வருகிறவருக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது விழுவதற்குத்தான், பறப்பது அப்புறம்.

அடுத்த தடவை பிடிக்கிற ஆளைக் கவனியுங்கள். கையைக் கையால் பிடிக்கமாட்டார், மணிக்கட்டை மணிக்கட்டால் பிடிப்பார், ஒருவர் பிடி நழுவினாலும் மற்றவர் பிடி இருக்கும். எல்லாரும் பறக்கிறவரைப் பார்த்துக் கை தட்டுகிறோம், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நேரத்தைக் கணக்குப் போடுகிறவர் அந்தப் பக்கம் இருப்பவர். கடைசியில் கோமாளி ஏறி, டவுசர் கழன்று, கத்திக்கொண்டே வலையில் விழுவாரே, பல குழுக்களில் நல்ல ஆட்டக்காரர்தான் அந்த வேஷம் போடுவார். தப்பாக விழுவதுபோல் சரியாக விழ வேண்டுமே.

உயரம் கம்மியான ஜோக்கர்களைப் பாத்து சிரிக்கிறது தப்பில்லையா?

எனக்கும் இது உறுத்தும். ஒரு காட்சி முடிந்து கூடாரத்துக்குப் பின்னால் அப்படிப்பட்ட ஒரு கலைஞரிடம் பேச்சுக் கொடுத்துக் கேட்டேவிட்டேன். "தெருவுல நடந்தா சும்மாவே சிரிக்கறாங்க சார், இங்க டிக்கெட் வாங்கிட்டு நான் சொல்ற நேரத்துல சிரிக்கறாங்க" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உயரக் குறைவும் சேர்ந்திருக்கிறது, வேறு வேலைக்கு வழி கிடைக்கிறவர்கள் போகிறார்கள், அதனால் சர்க்கஸில் இப்போது அவர்கள் குறைவு. உருவத்தைக் கேலி செய்கிற ஜோக்குக்கு நான் சிரிப்பதில்லை, அவர் நேரம் பார்த்து அடிக்கிற அடிக்குச் சிரிக்கிறேன். எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

கூடாரம் தீப்பிடிச்சா என்ன கதி?

நியாயமான பயம். 1981 பிப்ரவரி 7 அன்று பெங்களூரில் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் எரிந்து தொண்ணூறு பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். என் அம்மா அதற்கப்புறம் சர்க்கஸ் கூடாரத்துக்குள் காலே வைக்கவில்லை. நீங்கள் போனால் உட்காரும் முன் வெளியேறும் வழி இரண்டைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், வழியில் நாற்காலி போட்டு அடைத்திருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். தீயணைப்புத் துறை அனுமதி என்று முன்னால் புலம்பினேனே, இந்த ஒன்றை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கொரோனாவுல என்ன பண்ணாங்க?

எங்கே கூடாரம் இருந்ததோ அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். கிரேட் பாம்பே சர்க்கஸ் நம் மன்னார்குடியில் நின்றது. காட்சி இல்லை என்றால் வருமானம் பூஜ்யம், ஊர்க்காரர்களும் தன்னார்வலர்களும் அரிசி, பருப்பு கொடுத்துத்தான் இப்படிச் சிக்கியவர்கள் பலர் நாளைக் கடத்தினார்கள். ராம்போ சர்க்கஸ் 2020 செப்டம்பரில் ஒரு காட்சியைப் படம் பிடித்து இணையத்தில் டிக்கெட் போட்டது. புத்திசாலித்தனமான யோசனை, ஆனால் மரத்தூள் வாசனையும் ஜெனரேட்டர் சத்தமும் இல்லாத சர்க்கஸ் எனக்கு உப்பில்லாத கஞ்சி.

டிக்கெட் இந்த விலை விக்குதே, எல்லாம் ஜிஎஸ்டியா?

500 ரூபாய் வரை உள்ள சர்க்கஸ் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. முதலில் 250 வரை இருந்த விலக்கை 2018 ஜனவரியில் உயர்த்தினார்கள். ஆக, நீங்கள் கொடுப்பது மைதான வாடகை, டீசல், லாரி, சாப்பாடு. பாப்கார்ன் விலையைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அதற்கு என்னிடமும் நியாயம் இல்லை.

எங்கே உட்காரலாம் என்றும் கேட்பார்கள். முன்வரிசை நாற்காலி வேண்டாம், பார் விளையாட்டின்போது கழுத்து பிடித்துக்கொள்ளும். கேலரியின் நடு உயரம் போதும், விலையும் குறைவு. வார நாள் மதியக் காட்சிக்குப் போகாதீர்கள், ஆள் இல்லாத கூடாரத்தில் ஆடுகிறவர்களுக்கும் சுணக்கம், பார்க்கிறவர்களுக்கும் சங்கடம்.

நீங்களும் அன்னிக்கு சிங்கத்தைப் பாத்துக் கை தட்டினவர்தான, இப்ப மட்டும் என்ன நியாயம் பேசறீங்க?

தட்டினேன். நெருப்பு வளையத்துக்குள் சிங்கம் தாண்டியபோது தட்டினேன், நீர்யானை வாயைப் பிளந்து முட்டைக்கோஸை வாங்கியபோதும் தட்டினேன். அப்பாவுக்கு மில்லில் போனஸ் வந்த வாரம் அது. மறுநாள் காலையில் கூடாரத்துக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினார். கூண்டுக்குள் அந்தச் சிங்கம் நாலு எட்டு வைத்துத் திரும்பி, நாலு எட்டு வைத்துத் திரும்பிக்கொண்டே இருந்தது. நம்மைப் பார்த்ததும் சந்தோஷத்தில் நடக்கிறது என்று நினைத்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அந்த வருஷத்துக்கு அப்புறம் பின்பக்கம் கூட்டிப்போனதும் இல்லை.

அதனால் "அந்தக் காலம்போல வருமா" என்று பெருமூச்சு விடுகிறவர்களோடு என்னால் முழுசாகச் சேர முடிவதில்லை. அந்தக் காலத்தில் எனக்குப் பிடித்ததில் பாதி இன்றும் கூடாரத்துக்குள் நடக்கிறது. மீதிப் பாதி வேண்டாம்.

அடுத்த வாட்டி போறப்ப எங்களையும் கூப்பிடுவீங்களா?

கூப்பிடுவேன். போன தடவையும் கூப்பிட்டேன், ஏழு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். ஒருத்தர் பையனுக்கு டியூஷன், ஒருத்தருக்குக் கிரிக்கெட் ஃபைனல், ஒருத்தர் போனையே எடுக்கவில்லை. நாலு டிக்கெட்டை வாசலில் பலூன் விற்றுக்கொண்டிருந்த அம்மாவின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். இந்த முறை பணத்தை முன்னாடியே வாங்கிக்கொள்வேன்.